வாரமும் குத்தகையும்: கம்பெனியின் மூலதன அமைப்பும் மதிப்பும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டிக் குன்னத்தில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் கல்வி, உரிமை, இட ஒதுக்கீடு ஆகியவை பற்றிப் பேசுவது வழக்கம். எனக்கு அளிக்கப்பட்ட பொருளோ கம்பெனிகளின் மூலதனம் பற்றியது. "பங்கும் கடன் பத்திரமும் நமக்கெதற்கு? அவை செல்வர் வீட்டுச் செய்திகள் அல்லவா?" என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தியை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன்.

அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று 1917-ல் நாடு திரும்பினார். பின்னர், பங்குகளில் முதலீடு செய்வோர்க்கு ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைப் பம்பாயில் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிச் சென்றனர். தொழில் நின்றுபோயிற்று என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ரூபாயின் சிக்கல் குறித்து ஆராய்ந்து 1923-ல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் உயர் பட்டம் பெற்ற மேதைக்கே அக்கதவு மூடப்பட்டது. அவர் தட்டிய கதவை நாம் மீண்டும் தட்ட வேண்டாமா? தட்டுவதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிய வேண்டும். அதற்காகவே இவ்வுரை.

நிலத்திலிருந்து தொடங்குவோம்

மூலதன அமைப்பு என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அதன் உட்பொருள் நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரியும். பிறர் நிலத்தில் பயிரிட்ட நம்மவர்க்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வாரம், மற்றொன்று குத்தகை. வாரத்தில் விளைந்ததைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். குத்தகையில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய மூட்டையை அளந்துவிட வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். நல்ல ஆண்டில் ஒரு நிலத்தில் 20 மூட்டை கடலை விளைகிறது. அரைவாரம் என்றால் உழுதவனுக்கு 10 மூட்டை. குத்தகை 8 மூட்டை என்றால் அவனுக்கு 12 மூட்டை. ஆகவே நல்ல ஆண்டில் குத்தகையே இலாபம். மழை பொய்த்து 6 மூட்டை மட்டும் விளைந்தால் என்ன ஆகும்? வாரக்காரனுக்கு 3 மூட்டை மிஞ்சும். குத்தகைக்காரனோ 2 மூட்டையை வெளியில் கடன் வாங்கி அளக்க வேண்டும்.

என் தந்தையார் ஒருமுறை நான்கு நல்ல ஆண்டுகளை மனத்தில் கொண்டு குத்தகைக்கு ஒப்புக்கொண்டார். ஐந்தாம் ஆண்டு வானம் பொய்த்தது. உழவு மாடுகள் இரண்டும் விலை போயின. மறு ஆண்டு மழை நன்றாகப் பெய்தது, உழ மாடில்லை. அவர் உழைப்பிலோ மண்ணிலோ குறையில்லை. தவறு நேர்ந்தது ஒப்பந்தத்தின் அமைப்பில் என்பதைப் பல்லாண்டுகள் வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றிய பிறகே நான் உணர்ந்தேன்.

கம்பெனியின் முதலும் இவ்வாறே இரு வகைப்படும். பங்கு மூலதனம் என்பது வாரம் போன்றது. இலாபம் வந்தால் ஈவுத்தொகை, வராவிட்டால் ஒன்றுமில்லை. கடன் என்பது குத்தகை போன்றது. இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டியைக் குறித்த நாளில் செலுத்த வேண்டும். ஒரு கம்பெனி தன் முதலில் எவ்வளவைப் பங்காகவும் எவ்வளவைக் கடனாகவும் திரட்டியுள்ளது என்ற விகிதமே அதன் மூலதன அமைப்பு ஆகும்.

கடன் இலாபத்தைப் பெருக்கும், நட்டத்தையும் பெருக்கும்

நூறு கோடி ரூபாயில் கட்டப்பட்ட இரண்டு ஆலைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆலையின் 100 கோடியும் பங்கு மூலதனம். இரண்டாம் ஆலையில் 40 கோடி பங்கு. 60 கோடி கடன். வட்டி 10 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 6 கோடி. வரியை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

நல்ல ஆண்டில் இரு ஆலைகளும் தலா 20 கோடி ஈட்டுகின்றன. முதல் ஆலையின் பங்குதாரர்க்கு நூற்றுக்கு 20 கிடைக்கிறது. இரண்டாம் ஆலையில் வட்டி போக மீதி 14 கோடி. அது 40 கோடிப் பங்குக்கு 35 சதவீதம். கெட்ட ஆண்டில் வருவாய் 6 கோடியாகக் குறைகிறது. முதல் ஆலைக்கு 6 சதவீதம் உண்டு. இரண்டாம் ஆலைக்கு ஒன்றுமே இல்லை. வருவாய் 4 கோடியாகிவிட்டால் முதல் ஆலை மெலிந்தாலும் நிற்கும். இரண்டாம் ஆலை வட்டி கட்டவே கடன் வாங்க வேண்டியதாகும்.

மதிப்பீட்டிலும் இதே நிலை. கம்பெனியின் மொத்த மதிப்பிலிருந்து கடனைக் கழித்தால் எஞ்சுவதே பங்குதாரரின் உடைமை. ஆலையின் மதிப்பு 100 கோடி, கடன் 60 கோடி என்றால் பங்கின் மதிப்பு 40 கோடி. ஆலையின் மதிப்பு 80 கோடியாகக் குறைந்தால் பங்கின் மதிப்பு 20 கோடியாகிறது. ஆலை ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. பங்குதாரரோ பாதியை இழந்தார். பங்குச் சந்தையில் சில பங்குகள் திடீரென ஏறுவதற்கும் சரிவதற்கும் இது ஒரு பெருங்காரணம்.

அப்படியானால் எந்த அமைப்பு ஆலையின் மதிப்பை உயர்த்தும்? மோடிக்லியானி, மில்லர் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் 1958-ல் இதற்கு விடை கூறினர். வரியும் நொடிப்புச் செலவும் இல்லாத ஒரு சந்தையில், முதலை எப்படிப் பிரித்தாலும் ஆலையின் மொத்த மதிப்பு மாறாது என்பதே அவ்விடை. வாரமோ குத்தகையோ, நிலம் விளைவிப்பதை அது கூட்டாது அல்லவா? பங்கீடு மட்டுமே மாறும். பிற்காலத்தில் மோடிக்லியானி 1985-லும் மில்லர் 1990-லும் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் நடைமுறை உலகில் வரி உண்டு. வட்டியைச் செலவாகக் கழித்த பின்னரே கம்பெனிக்கு வரி விதிக்கப்படுகிறது. ஈவுத்தொகைக்கு அச்சலுகை இல்லை. வரி 25 சதவீதம் என்றால், 6 கோடி வட்டி கட்டும் ஆலைக்கு ஒன்றரைக் கோடி வரி மிச்சம். ஆகவே ஓரளவு கடன் மதிப்பைக் கூட்டும். அளவு மீறினால் நொடித்துப் போகும் அச்சம் எழும். சரக்குக் கொடுப்பவர் ரொக்கம் கேட்பர். நல்ல பணியாளர் விலகுவர். புதிதாகக் கடன் கொடுப்பவர் வட்டியை ஏற்றுவர். அப்போது மதிப்பு குறையும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள அளவைக் கண்டுபிடிப்பதே நிதித்துறையின் கலை.

1918-ல் இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றி எழுதிய கட்டுரையில் அம்பேத்கரும் அளவைப் பற்றியே பேசினார். நிலம் சிறிதா பெரிதா என்பது பரப்பைப் பொறுத்ததன்று. அதனோடு சேரும் முதலும் உழைப்பும் எவ்விகிதத்தில் உள்ளன என்பதைப் பொறுத்தது என்பது அவர் கருத்து. விகிதம் பிழைத்தால் நல்ல நிலமும் நட்டம் தரும். நல்ல ஆலைக்கும் இது பொருந்தும்.

நம் அண்டையில் நடந்தது

இதற்குச் சான்று தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரம் கடலாய் இருந்தது. சாத்தனூர்க் கல்மரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே அரியலூர்ப் பகுதியைச் சிமெண்ட் ஆலைகளின் களமாக்கியது. குன்னம் வட்டத்தை அடுத்த செந்துறை வட்டத்தில், தளவாயில், இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் ஆலை உள்ளது.

அக்கம்பெனி 1946-ல் தொடங்கப்பட்டது. எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் அதன் நிறுவனர்கள். அதன் முதல் ஆலை திருநெல்வேலிச் சீமையில் சங்கர்நகரில் 1949-ல் உற்பத்தியைத் தொடங்கிற்று. பிற்காலத்தில் நாராயணசுவாமியின் மகன் என். சீனிவாசன் தலைமையில் அது வேகமாக விரிந்தது. 1998-ல் ஆந்திராவின் ராசி சிமெண்ட்டைக் கைப்பற்றியது. விரிவுக்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி கடனாக வந்தது. அதன்பின் சிமெண்ட் விலை தாழ்ந்தது, வட்டியோ தாழவில்லை. 2000-களின் தொடக்கத்தில், கடன் கொடுத்த நிறுவனங்களோடு அமர்ந்து தவணைகளையும் வட்டியையும் சீரமைத்துக் கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது. பின்னர் விலை ஏறியது, கம்பெனி மீண்டது.

2022-ல் நிலக்கரி விலை உயர்ந்தபோது மீண்டும் நெருக்கடி வந்தது. 2022-23, 2023-24 ஆகிய இரு நிதியாண்டுகளிலும் கம்பெனி நட்டம் கண்டது. அன்றாட ஓட்டத்துக்கு வேண்டிய நடைமுறை மூலதனம் இல்லாமையால் ஆலைகளை முழுத்திறனில் ஓட்ட இயலவில்லை. மராட்டியத்தின் பர்லியில் இருந்த அரவை நிலையத்தை 2024-ல் 315 கோடி ரூபாய்க்கு அல்ட்ராடெக் கம்பெனிக்கு விற்றது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அல்ட்ராடெக், இந்தியா சிமெண்ட்ஸின் பங்குகளில் சுமார் 23 சதவீதத்தைச் சந்தையில், பங்கு ஒன்றுக்குச் சுமார் 267 ரூபாய் வீதம் வாங்கியது. ஜூலையில், கம்பெனியை நடத்தி வந்தவர்களின் 32.72 சதவீதப் பங்குகளை, பங்கு ஒன்றுக்கு 390 ரூபாய் வீதம் 3,954 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. 2024 டிசம்பரில் கைமாற்றம் நிறைவேறியது. அல்ட்ராடெக்குக்கு அரியலூர் அருகே ரெட்டிப்பாளையத்தில் ஏற்கெனவே ஆலை உண்டு. இப்போது தளவாயும் அதன் குடைக்கீழ் வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது: தளவாயின் சூளை மாறவில்லை, சுண்ணாம்புக்கல் மாறவில்லை, உழைப்பவர் கை மாறவில்லை. உடைமையாளர் மாறினார். ஆலையின் உண்மையான திறன் ஒன்று. கெட்ட காலத்தைத் தாங்கும் நிதி அமைப்பு வேறொன்று. முன்னது இருந்தும் பின்னது இல்லாதபோது ஆலை கைமாறுகிறது.

இரண்டாவது: ஒரே கம்பெனியின் பங்குக்கு ஜூனில் ஒரு விலை, ஜூலையில் வேறு விலை. இடையில் சந்தை விலை ஏறியது உண்மை. எனினும் சாதாரணப் பங்குக்கும் ஆளும் உரிமையோடு வரும் பங்குக்கும் விலை வேறுபாடு உண்டு என்பதையும் மறக்கலாகாது. மூன்றில் ஒரு பங்கைக் கொண்டே முழுக் கம்பெனியையும் ஆள முடிந்தது என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது: 390 ரூபாய் வீதம் கணக்கிட்டால் கம்பெனியின் எல்லாப் பங்குகளின் மதிப்பும் சுமார் 12,000 கோடி ரூபாய். அதன் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 1.44 கோடி டன்னுக்கு மேல். அதாவது பங்கின் விலை மட்டுமே டன் ஒன்றுக்கு 8,000 ரூபாயைத் தாண்டுகிறது. வாங்குபவர் இத்தோடு நிறுத்துவதில்லை. கம்பெனியின் தலையில் உள்ள கடனையும் கூட்டியே டன்னுக்கு இவ்வளவு என்று மதிப்பிடுவார். ஒத்தியில் உள்ள நிலத்தை வாங்குபவன், கிரயத்தோடு ஒத்திப் பணத்தையும் சேர்த்துத்தானே விலை பார்ப்பான்?

சந்தைத் தரகரும் முதலீட்டு வங்கியும்

இத்தகைய பேரங்களில் முதலீட்டு வங்கிகள் இடம்பெறுகின்றன. இவை மக்களிடம் வைப்பு வாங்கும் வங்கிகளைப் போன்றவையல்ல. கம்பெனிக்கு மதிப்பு கணிப்பது, பங்கு வெளியிடவா கடன் பத்திரம் வெளியிடவா என்று ஆலோசனை கூறுவது, வாங்குவோரையும் விற்போரையும் இணைப்பது ஆகியவை இவற்றின் பணிகள். நம் நாட்டில் 1967-ல் கிரிண்ட்லேஸ் வங்கி இத்தொழிலைத் தொடங்கியது. 1972-ல் பாரத ஸ்டேட் வங்கி இதில் இறங்கியது. இன்று இத்தொழிலை நடத்துவோர் செபியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், விலை சொல்வார். பேரம் முடிந்தால் அவருக்குத் தரகு. முடியாவிட்டால் பெரும்பாலும் இல்லை. முதலீட்டு வங்கியின் வருமானமும் பெருமளவு அவ்வாறே. அவருடைய அறிவைப் பயன்படுத்திக் கொள்ளலாம். பேரம் முடிய வேண்டும் என்ற அவருடைய ஆவலையும் மனத்தில் வைத்தே அவர் சொல்லும் விலையைக் கேட்க வேண்டும்.

துண்டை விலக்கிப் பேச வைப்பதே சட்டத்தின் வேலை. 2011-ஆம் ஆண்டின் செபி விதிகளின்படி, ஒரு கம்பெனியின் வாக்குரிமையில் 25 சதவீதத்தை எட்டுபவர், மற்றப் பங்குதாரர்களிடமிருந்து குறைந்தது மேலும் 26 சதவீதத்தை வாங்கிக்கொள்ள வெளிப்படையாக அழைப்பு விடுக்க வேண்டும். ஜூனில் 23 சதவீதத்தோடு நின்றபோது அக்கடமை எழவில்லை, ஜூலையில் எழுந்தது. பெரிய முதலாளிக்குக் கொடுத்த அதே 390 ரூபாய் நூறு பங்கு வைத்திருந்த எளியவருக்கும் அறிவிக்கப்பட்டது. நல்ல சட்டந்தான். ஆனால் அதன் பயனைப் பெறக் கையில் பங்கு இருக்க வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் விற்றவர் பெரும்பாலும் அன்றைய கிரயத்தோடு நின்றார். விற்க நிலமே இல்லாத நம்மவர் கூலியோடு நின்றனர்.

முதல் எங்கிருந்து வருகிறது என்பது வேலையையும் தீர்மானிக்கிறது. அரியலூரில் 1979-ல் உற்பத்தியைத் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலையின் முதல் மக்களின் முதல்; ஆகவே அங்கு இட ஒதுக்கீடு உண்டு. தனியார் ஆலைக்கு அக்கட்டாயம் இல்லை. மூலதனக் கணக்கு நமக்குச் சம்பந்தமில்லாதது என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் கடனும் அவர்கள் கடனும்

கம்பெனிக் கடனுக்கும் நம் முன்னோர் பட்ட கடனுக்கும் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய கம்பெனி நொடித்தால் பங்குதாரர் இழப்பது தாம் போட்ட முதலை மட்டுமே. தனியாகப் பிணை எழுதித் தராதவரை அவர் வீட்டுப் பாத்திரத்தை எவரும் தூக்கிச் செல்ல முடியாது. 2016-ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம் அதற்கு முறையும் காலவரையும் வகுத்துள்ளது. நம் பாட்டனாரோ சில மூட்டை தானியத்துக்குத் தம் உடலையும், பிள்ளையின் உடலையும் ஈடு வைத்தார். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல்தான் வந்தது. கடன் என்றாலே நம் வீடுகளில் அச்சம் எழுவதற்கு இவ்வரலாறே காரணம்.

அந்த அச்சம் நியாயமானது. எனினும் அச்சத்திலேயே நின்றுவிட்டால் வளர்ச்சி இல்லை. அச்சத்தைக் கணக்காக மாற்ற வேண்டும். அக்கணக்குக்கு ஒரே விதியை உங்களுக்குத் தந்து செல்கிறேன்: கடனை நல்ல ஆண்டின் வருமானத்தால் அளக்காதீர்கள், கெட்ட ஆண்டின் வருமானத்தால் அளந்திடுங்கள்.

தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு இன்று சில வழிகள் திறந்துள்ளன. 1974-ல் தோன்றிய தாட்கோவை அறிவீர்கள். தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மூலதன மானியமும், வங்கிக் கடனுக்கு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மானியத்தை இலவசப் பணம் என்று கருதாதீர்கள். தந்தை வழிச் சொத்து இல்லாத உங்களுக்கு அதுவே சொந்த முதலின் இடத்தை நிரப்புகிறது. கெட்ட ஆண்டில் உங்களைத் தாங்கும் தூணும் அதுவே. இயந்திரத்துக்கே எல்லாப் பணத்தையும் செலவிட்டு, மூலப்பொருளும் கூலியும் வாங்க நடைமுறை மூலதனம் இன்றித் தவிக்காதீர்கள். பெருங்கம்பெனியையே அது வீழ்த்தியதைச் சற்றுமுன் பார்த்தோம்.

வணிகவியல் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு கம்பெனியின் ஐந்தொகையையாவது தொடக்கம் முதல் இறுதிவரை படியுங்கள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வட்டியைப் போல் எத்தனை மடங்கு வருவாய் என்று குறித்து வையுங்கள். பட்டயக் கணக்கர் படிப்பிலும் பங்குச் சந்தைத் தேர்வுகளிலும் சேருங்கள். மதிப்பிடும் நாற்காலியில் நம்மவரும் அமர வேண்டும்.

இறுதியாக, நம் சங்கத்தைப் பற்றி ஒரு சொல். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் தாய்மார்கள் வீடு வீடாகச் சேர்த்த பிடியரிசியே இதன் முதல். அது திருப்பிக் கேட்கப்படாத முதல். ஈவுத்தொகையைப் பணமாக எதிர்பாராத முதல். இன்று படித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்மக்களே அதன் ஈவுத்தொகை. இப்போது மாணவியர் விடுதி கட்டும் பேச்சு எழுந்துள்ளது. முழுவதும் கடன் வாங்கி உடனே கட்டலாம் என்பது இளைஞர் கட்சி; கடனே வேண்டாம் என்பது மூத்தோர் கட்சி. இரு தரப்பாரும் என்னைப் பொறுத்தருள வேண்டும். நன்கொடை ஒன்றும் வராத, கடை வாடகை மட்டுமே வரும் ஓர் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டிலும் தவணை கட்ட இயலும் அளவுக்கு மட்டும் கடன் வாங்குங்கள். மீதியை மீண்டும் பிடியரிசியாகத் திரட்டுங்கள். அதுவரை முதல் தளம் மட்டும் எழட்டும். மேல்தளம் காத்திருக்கலாம், கட்டிய தளம் ஏலத்துக்குப் போகலாகாது.

என் தந்தையார் மாடுகளை விற்ற நாளில் அவரிடம் இக்கணக்கைச் சொல்ல எவருமில்லை.